ஆறரை அடிப் பெட்டி

"எந்த டிரெய்லர் நல்லது, எந்த லாரி நல்லது? அதை மட்டும் சொல்லுங்க அம்மணி. நான் போயிடறேன்."

தாராபுரம் சிகாமணி வந்த வேகத்தில் கேட்டது இது. உட்காரக்கூட இல்லை.

மரகதமணி வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"டீ குடிக்கிறீங்களாண்ணா?"

மரகதமணி யார் என்று தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். சங்ககிரியில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை அவருடையது. அதற்கு முன் பத்து வருஷம் டிரெய்லர் ஓட்டியவர். வயது நாற்பத்தொன்று, சிகாமணியைவிடப் பதினாறு வயது சின்னவர். ஆனாலும் அந்தப் பக்கத்து லாரிக்காரர்கள் எல்லோரும் அவரை வாத்தியாரம்மா என்றுதான் சொல்வார்கள். அவரிடம் ஒன்று கேட்டால் பதில் வராது, ஏதாவது ஒரு வேலைதான் வரும்.

சிகாமணியிடமும் இதைச் சொல்லித்தான் அனுப்பினார்கள். மனுஷன் நம்பவில்லை.

சிகாமணி மோட்டார் பம்பு செய்கிற கம்பெனி வைத்திருப்பவர். முப்பது வருஷம் கம்பெனி, வீடு, வீடு, கம்பெனி. ஐம்பத்தைந்தாவது வயதில் திடீரென்று ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினார். நீல நிறம். இரண்டே சீட்டு. காருக்கும் தரைக்கும் நடுவில் நாலு விரல்தான் இடைவெளி.

வாங்கிய இடத்திலிருந்து மூடிய வண்டியில் வந்து ஷெட்டில் இறங்கியது. அதோடு சரி. இரண்டு வருஷமாக வாசலைத் தாண்டவில்லை.

கார் என்றால் ஓட்டத்தானே, ஓட்டிக்கொண்டு போக வேண்டியதுதானே என்று நீங்கள் முணுமுணுப்பது எனக்குக் கேட்கிறது. கதை என்றதும் உங்களுக்கு அத்தனை அவசரம். தாராபுரத்திலிருந்து கோயமுத்தூர்ப் பக்கம் இருக்கும் பந்தய மைதானத்துக்குப் போக அறுபத்து மூன்று வேகத்தடைகளைத் தாண்ட வேண்டும். சிகாமணி எண்ணி வைத்திருக்கிறார். முதல் தடையிலேயே காரின் வயிறு தட்டி நின்றுவிடும். போய்ப் பார்த்துவிட்டு வந்து பேசுங்கள்.

அந்த மைதானத்தில் வருஷத்துக்கு ஒரே ஒரு நாள், தை மாதத்தில், சொந்தக் கார் வைத்திருப்பவர்களை ஆசை தீர ஓட்ட விடுவார்கள். இரண்டு தை வந்து போய்விட்டது. போன மாதம் சிகாமணியின் மனைவி அமராவதி சொல்லிவிட்டார்.

"இந்தத் தைக்கும் ஓடலைன்னா வித்துடுங்க. கும்புடறதுக்குச் சாமி ரூம்புல இருக்கற சாமியே போதும். ஷெட்டுல வேற ஒண்ணு வேண்டாம்."

சிகாமணியும் சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. தைக்கு இன்னும் ஒன்பது வாரம்தான் இருந்தது. காரை ஒரு டிரெய்லருக்குள் ஏற்றி, லாரியில் மாட்டி இழுத்துப் போவது ஒன்றுதான் வழி.

டீ வந்தது.

சிகாமணி டைரியைப் பிரித்தார்.

"மூணு லாரி பாத்து வெச்சிருக்கறேன் அம்மணி. ஒண்ணு ஒம்பது டன் இழுக்கும். ஒண்ணு பன்னெண்டு. ஒண்ணு பதினாறு. நான் பதினாறுல நிக்கறேன்."

"கார் எத்தனை டன்னுங்க?"

"ஒண்ணரை."

பட்டறைத் தரை ஒரு பக்கமாகச் சரிந்திருக்கும். அதன் மேல் மூலையில் ஒரு லாரி நின்றது. பின்னால் டிரெய்லர் மாட்டி, இரும்புத் தகடு ஏற்றியிருந்தது. மரகதமணி அதன் சாவியை எடுத்து நீட்டினார்.

"ஓட்டுவீங்களா?"

"இருபது வயசுல லாரியிலதானுங்க கை பழகுனேன்."

மரகதமணி தன் சில்வர் டம்ளரில் மிச்சம் இருந்த டீயைக் குடித்தார். நடந்து போய், சரிவின் அடியில் டம்ளரைத் தரையில் வைத்தார். பிறகு ஒதுங்கி நின்றுகொண்டார்.

"அதுக்கு முன்னால நிறுத்துங்கண்ணா. போதும்."

சிகாமணி ஏறி உட்கார்ந்தார். லாரி ஜம்மென்று கிளம்பியது. அவருக்கு முகமெல்லாம் பல். டம்ளருக்குப் பத்தடி முன்னாலேயே பிரேக்கை மிதித்தார். லாரி நிற்கத்தான் பார்த்தது. பின்னால் இருந்த பாரம் விடவில்லை, தள்ளிக்கொண்டே வந்தது.

இறங்கிப் பார்த்தபோது டம்ளர் தகடாகக் கிடந்தது.

"அடடா, மன்னிச்சுக்கோங்க அம்மணி."

"இது எத்தனை டன் இழுக்கும் தெரியுமுங்களா?"

"எத்தனைங்க?"

"இருபது."

சிகாமணி டைரியில் மூன்று லாரியையும் அடித்துவிட்டார். கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டு நின்றார்.

"அப்ப, நல்லா நிக்கற வண்டியாத்தான் பாக்கோணும்."

"டம்ளர் ஒண்ணு வாங்கிக் குடுத்துடுங்கண்ணா. அது எங்க மாமியார் குடுத்தது."

லாரி விஷயம் அப்படி முடிந்தது. சிகாமணிக்குச் சந்தோஷம்தான். இந்த வாத்தியாரம்மா ஒன்றும் அத்தனை மோசமில்லை என்று நினைத்துக்கொண்டார். அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

"டிரெய்லருக்கு நானே அளவு போட்டுட்டேனுங்க. கார் அகலம் ஆறடி ஓரங்குலம். பெட்டி உள்ளளவு ஆறரை அடி. ரெண்டு பக்கமும் ரெண்டரை அங்குலம். தெச்ச சட்டையாட்டம் கச்சிதமா இருக்கோணும். நாலு பக்கமும் மூடி. தூசி போகக் கூடாது, எலி போகக் கூடாது, ஒரு கண்ணு படக் கூடாது."

"ஏறுற பலகை?"

"நல்லா நீளமா. பன்னெண்டு அடி. இல்லைன்னா மூக்கு இடிச்சுருமுங்க."

"அதெல்லாம் சரியாத்தான் யோசிச்சிருக்கறீங்க." மரகதமணி டைரியை வாங்கி, அந்த ஆறரையை ரொம்ப நேரம் பார்த்தார். "கொஞ்சம் பெருசா வெச்சா என்னங்கண்ணா? ஆடாம கட்டறதுக்குப் பெல்ட் இருக்குது."

"வேண்டவே வேண்டாமுங்க. அரை அங்குலம்கூடச் சேத்தாதீங்க. ராத்திரி பகலா அளந்தது."

"செரி. ஞாயித்துக்கிழமை வர்றேன். பலகை நிறுத்திப் பாத்துட்டு அப்பறம் கட்டலாம்."

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குப் பிக்கப் வண்டியில் இரண்டு ஆட்களோடு தாராபுரம் வந்து சேர்ந்தார். கார் நீளத்துக்கு, அதன் ஜன்னலுக்குக் கொஞ்சம் கீழே நிற்கிற உயரத்தில் இரண்டு பிளைவுட் சுவர்கள். ஷெட்டுக்கு முன்னால் ஆறரை அடி இடைவெளி விட்டு அவற்றை நிறுத்தி, அசையாமல் இரும்புச் சட்டம் முட்டுக்கொடுத்தார்கள். சுவர்களின் உள்பக்கம் முழுக்கக் கெட்டியான பஞ்சு ஒட்டியிருந்தது.

"பஞ்சு எதுக்குங்க?" என்றார் சிகாமணி.

"சும்மாதான்."

சிகாமணி காரின் மேல் போட்டிருந்த துணிகளை எடுத்தார். மூன்று துணி. ஒன்றுக்கு அடியில் ஒன்று. மூன்றாவதை எடுக்கும்போது தூங்கும் குழந்தையின் போர்வையை விலக்குவது போலத்தான் எடுத்தார். மரகதமணியின் ஆட்கள் இரண்டு பேரும் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு ஓரடி பின்னால் நகர்ந்தார்கள். கார் அப்படி இருந்தது.

மரகதமணி முன்னால் நின்று கையைக் காட்ட, சிகாமணி அங்குலம் அங்குலமாக ஓட்டி வந்தார். பக்கவாட்டுக் கண்ணாடிகள் இரண்டும் மடங்கியிருந்தன. ஒரு பக்கம்கூட உரசவில்லை. நடுவில் வந்து நின்றது. இன்ஜினை அணைத்தார்.

"எப்படிங்கண்ணா?"

"கச்சிதம் அம்மணி! நான் சொன்னேனா இல்லையா!"

"சாவியைக் குடுங்க."

ஜன்னல் வழியாகக் கொடுத்தார். மரகதமணி அதை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"இப்ப எறங்கி வாங்க."

சிகாமணி கதவைத் திறந்தார். இரண்டு விரல் அகலம் திறந்தது. பஞ்சில் முட்டி நின்றது.

இன்னொரு தரம் தள்ளினார். இடது பக்கக் கதவை எட்டித் தள்ளிப் பார்த்தார். அதுவும் இரண்டு விரல்.

"அம்மணி."

"சொல்லுங்கண்ணா."

"கதவு தொறக்கலைங்க."

"அப்படிங்களா?"

"காரை அளந்தேனுங்க. நான் எறங்கறதை அளக்கலை." சிகாமணியின் காது சிவந்துவிட்டது. "செரி, புரிஞ்சுது. சாவியைக் குடுங்க, பின்னால எடுத்துடறேன்."

"காத்தால ஒண்ணுமே சாப்புடலைங்கண்ணா. அக்கா அரிசிம்பருப்புச் சோறு ஆக்கியிருக்கறாங்களாம். வாசம் இங்க வரைக்கும் வருது."

சொல்லிவிட்டுப் போயே போய்விட்டார். ஆட்களும் பின்னாலேயே போனார்கள்.

முப்பது வயதாக இருந்தால் சிகாமணி ஜன்னல் வழியாகவே எகிறிக் குதித்திருப்பார். இப்போது தொப்பை சம்மதிக்கவில்லை. ஒரு தரம் முயற்சி செய்தார். நல்லவேளை, யாரும் பார்க்கவில்லை.

"அமராவதி!"

வீட்டுக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம்தான் வந்தது.

"அமராவதீ!"

அப்பளம் பொரியும் சத்தம் கேட்டது.

கோபம் வந்தது. இத்தனை வயதில் இந்த மாதிரி ஒரு அவமானமா? சங்ககிரியில் வேறு பட்டறையே இல்லையா? நாமக்கல்லில் இல்லையா? எல்லோரையும் கொஞ்ச நேரம் திட்டினார். திட்டி முடித்த பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தார்.

சீட்டு சுகமாகத்தான் இருந்தது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது, இந்தக் காருக்குள் இத்தனை நேரம் அவர் உட்கார்ந்ததே இல்லை. வாரத்துக்கு மூன்று நாள் வெளியே நின்று துடைப்பார். இன்ஜினை ஐந்து நிமிஷம் ஓடவிட்டு அணைப்பார். இறங்கிவிடுவார்.

இடது பக்கம் திரும்பினார்.

பக்கத்து சீட்டில் பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது. வந்த அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படி. தன் சீட்டு உறையை முதல் நாளே கிழித்திருந்தார். அதைக் கிழிக்க வேண்டும் என்று இந்த இரண்டு வருஷத்தில் தோன்றவே இல்லை.

தோன்றாமல் என்ன. ஒருத்தி வந்து நின்றாளே.

கார் வந்த முதல் வாரம். அமராவதி தலை நிறையப் பூ வைத்து, கல்யாண வீட்டுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டி, ஷெட்டு வாசலில் வந்து நின்றாள். நானும் ஒருக்கா உக்காந்து பாக்கட்டுங்களா என்று கேட்டாள்.

அவர் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிரக்கூட இல்லை. இரு இரு, வளையல் பட்டா கீறிரும், அப்பறம் பாக்கலாம் என்றார்.

சரிங்க என்று போனவள்தான். அதற்குப் பிறகு ஷெட்டுப் பக்கம் வரவில்லை, கேட்கவும் இல்லை. இவருக்கும் அது வசதியாக இருந்தது. அவளுக்கு இந்தக் காரே பிடிக்கவில்லை, அதனால்தான் விற்கச் சொல்கிறாள் என்று சொந்தக்காரர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

சிகாமணிக்கு வெட்கமாக இருந்தது. தூசியையும் எலியையும் பயந்து பயந்து அளந்தவன், கட்டினவளைப் போய் வெளியே நிறுத்திவிட்டேனே என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டார். கேட்பதற்குத்தான் யாரும் இல்லை.

கையை நீட்டி, பிளாஸ்டிக் உறையின் ஓரத்தைப் பிடித்து இழுத்தார். இரண்டு வருஷப் புழுக்கத்தில் ஒட்டிப் போயிருந்தது. சர்ரென்று கிழிந்து வந்தது. அதைச் சுருட்டி ஜன்னலுக்கு வெளியே போட்டார். உள்ளே நீலத் தையல் போட்ட சீட்டு புத்தம் புதிதாக இருந்தது. ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார்.

முக்கால் மணி நேரம் கழித்து எல்லோரும் வந்தார்கள். மரகதமணி ஏப்பம் விட்டுக்கொண்டே வந்தார். அமராவதி கையில் தட்டு இருந்தது. மேலே ஒரு அப்பளம்.

"என்னங்க, நீங்களே சாப்புடறீங்களா, ஜன்னல் வழியா ஊட்டி உடட்டுமா?"

சிரிப்பார் அல்லது சண்டைக்கு வருவார் என்றுதான் அமராவதி நினைத்தார். சிகாமணி இரண்டும் செய்யவில்லை. அவர் கண் கொஞ்சம் கலங்கியிருந்தது. ஆனால் முகம் தெளிவாக இருந்தது.

"அம்மணி, பெட்டியை எட்டேகால் அடி வைங்க."

மரகதமணி புருவத்தைத் தூக்கினார்.

"அத்தனை எதுக்குங்கண்ணா? காரை இடது பக்கமா ஒட்டி நிறுத்திட்டா, ஓட்டறவரு எறங்க வலது பக்கம் ஓரடி போதும். ஏழரையில முடிஞ்சுரும். எல்லாருக்கும் அப்படித்தான் கட்டிக் குடுக்கறேன்."

"இடது பக்கமும் தொறக்கோணும்."

"எலி போகும்னீங்களே."

"போகட்டும்."

"எட்டேகாலுக்கு மேல ரோட்டுல உட மாட்டாங்க. அதுதான் கடைசி."

"அதையே வைங்க."

"ஆறு வாரத்துல குடுத்துடுவேன். தைக்கு முன்னாலயே வந்துரும். லாரி?"

"நல்லா நிக்கோணும். முன்னால ரெண்டு பேரு காலை நீட்டி உக்கார எடம் இருக்கோணும்."

"செரி." மரகதமணி சாவியை எடுத்தார். கொடுக்கவில்லை. "இடது பக்கம் யாருங்கண்ணா எறங்கறது?"

சிகாமணி அமராவதியைப் பார்த்தார்.

"மைதானத்துல ரெண்டு பேரும் சுத்திட்டு, எறங்காம அப்படியே பெட்டிக்குள்ள ஏத்துவோம். இவ சேலை எங்கயும் மாட்டாம எறங்கோணும். அதுக்கு எத்தனை அங்குலம் வேணுமுன்னு எனக்குத் தெரியலைங்க."

அமராவதி தட்டைப் பிடித்தபடி நின்றார்.

மரகதமணி இடுப்பிலிருந்த இன்ச் டேப்பை உருவினார்.

"அக்கா, இப்படிக் கொஞ்சம் வந்து நில்லுங்க."

அமராவதி தட்டை ஜன்னல் வழியாகக் கணவர் மடியில் வைத்தார். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு வந்து நின்றார்.