ஆயிரம் வீச்சு மீன்

இதை நான் நேரில் பார்க்கவில்லை. என்னோடு கல்லூரியில் படித்த கார்வேந்தன் சொன்னான். அவனுக்குச் சொன்னவர் மூங்கில்கொம்பைக்குப் பஸ் ஓட்டும் அவனுடைய சித்தப்பா. இரண்டு வாய் தாண்டி வந்த கதை என்பதால், கேட்டதைக் கேட்டபடியே சொல்லிவிடுகிறேன்.

மூங்கில்கொம்பை மலைமேல் இருக்கிறது. ஊர் சரிந்து முடியும் இடத்தில் சில்லாறு. அதில் ட்ரவுட் மீன் உண்டு, என்றைக்கோ வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்டது. ஊரில் ஒருவர்கூட அதைப் பிடித்ததில்லை. தண்ணீரில் கால் வைத்தால் நமக்கே இப்படி விறைக்கிறதே, உள்ளேயே கிடக்கிற மீனுக்கு எப்படி இருக்கும், அதைப் போய்த் தொந்தரவு செய்வானேன் என்று விட்டுவிட்டார்கள்.

அந்த ஊர்க்காரன்தான் நாச்சிமுத்து. அவன் பெண் பார்க்கப் போனபோது, கீழ்நாட்டு வாய்க்கால்மேட்டில் பெண்ணின் அப்பா சென்னியப்பன் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மாப்பிள்ளை ஆத்துல மீன் பிடிப்பாருங்களா?"

நாச்சிமுத்து வாயைத் திறப்பதற்குள், கூடப் போயிருந்த வெள்ளிங்கிரி அண்ணன் முந்திக்கொண்டார். "எங்க ஆத்துல இவனை விட்டா மீன் பிடிக்க ஆளே கிடையாதுங்க."

கல்யாணம் நடந்தது. பூவாத்தாள் மலை ஏறி வந்தாள். நாலு மாதம் கழித்துச் சென்னியப்பனிடமிருந்து போன் வந்தது.

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்கு வர்றனுங்க மாப்பிள்ளை. நீங்க பிடிச்ச மீனு இலையில விழுகோணும். விழுகாட்டி, பொய் சொல்லிப் பொண்ணு கட்டினதாத்தான் அர்த்தம். அம்மிணியைச் சாயங்காலப் பஸ்ஸுல கூட்டிட்டுப் போயிருவேன்."

நாச்சிமுத்துவுக்குச் சோறு இறங்கவில்லை. நாலு மாதத்தில் பூவாத்தாள் அந்த வீட்டை வீடாக்கியிருந்தாள். மழைக்கு ஒழுகுகிற இடத்தின் கீழே குண்டானை வைக்க வேண்டும் என்று கண்டுபிடித்தவளே அவள்தான். அதுவரை அவன் கட்டிலைத்தான் நகர்த்திக்கொண்டிருந்தான்.

வெள்ளிங்கிரி அண்ணன், கூட்டாளிகள் மாரப்பன், குட்டியப்பன் மூவரையும் கூட்டிக்கொண்டு அவன் ஆற்றுக்குப் போனான். அங்கே ஜெயசீலன் சார் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். கனடாவில் பாலம் கட்டும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு மாதமாக மேலே பங்களாவில் தங்கியிருந்தார். கையில் இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு தூண்டில். அதை அவர் ஒரு சுழற்றுச் சுழற்றியதும் நூல் காற்றில் வளையம் போட்டுக்கொண்டு போய், ஆற்றின் அந்தப் பக்கம் சத்தமில்லாமல் படுத்தது.

சார் நல்ல மனுசர். கேட்டதும் சொல்லிக்கொடுத்தார்.

"இதை ரெண்டு கையாலயும் பிடிக்கணும். ஒரு வீச்சு, ஒரு அடி கீழே. மறுபடி ஒரு வீச்சு, ஒரு அடி கீழே. நுனியில இருக்கிறது வெறும் இறகு. ஆனா அது ஈதான்னு மீன் நம்பணும். கனடாவுல இந்த மீனுக்கு ஒரு பங்காளி இருக்கு, ஸ்டீல்ஹெட்னு பேரு. ஆத்துல பிறந்து, கடலுக்குப் போய் வளர்ந்து, பிறந்த ஆத்துக்கே திரும்பி வரும். அதுக்கு ஆயிரம் வீச்சு மீன்னே பேரு. ஆயிரம் வீசினா ஒண்ணு மாட்டும். முதல்ல பொறுமை, அப்புறம்தான் மீன்."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒன்று மாட்டியது. சார் கையை நனைத்துக்கொண்டு, மீனைப் பக்குவமாகப் பிடித்து, முள்ளைக் கழற்றி, தண்ணீரிலேயே விட்டுவிட்டார். நாலு பேரும் அவரையே பார்த்தார்கள்.

"பிடிச்சா விட்டுடணும். அதுதான் முறை."

"திரும்ப வருமுங்களா?" என்றான் நாச்சிமுத்து.

"வரும், வரும். எங்க போயிடப் போகுது."

சாருக்குப் பல்வலி. கோயம்புத்தூர் போய்விட்டுத் திங்கட்கிழமை வருவதாகச் சொல்லி, தூண்டிலை அவர்களிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்.

நாலு பேரும் பஸ் நிழற்குடையில் உட்கார்ந்து ஆலோசனை செய்தார்கள்.

"முதல்ல பொறுமைன்னு சொன்னாரு," என்றார் வெள்ளிங்கிரி அண்ணன். "அதை யாராச்சும் ஒருத்தர் எடுத்துக்கோங்க. எல்லாரும் பொறுமையா இருந்தா வேலை நடக்காது."

பொறுமை குட்டியப்பனுக்குப் போனது. அவனுக்கு வேறு வேலை இல்லை. அன்றைக்கே ஆற்றங்கரைப் பாறையில் போய் உட்கார்ந்து ஆரம்பித்துவிட்டான். சாப்பிடப் போகும்போது பஸ்ஸில் இடம் பிடிப்பதுபோலத் துண்டைப் பாறையில் போட்டுவிட்டுப் போனான்.

அடுத்தது இரண்டு கை.

"ரெண்டு கையும் ஒரே ஆளோடதா இருந்தா, மாட்டலைன்னா பழி பூரா அவன் மேல விழுகும்," என்றார் அண்ணன். "நாச்சிமுத்துக்குத்தான் மாமனார் வர்றாரு. அவன் ஒரு கை குடுக்கட்டும். கல்யாணத்துக்கு நான்தான் பேசினேன். நான் ஒரு கை குடுக்கறேன்."

மீன் நம்ப வேண்டிய விஷயத்தை மாரப்பன் ஏற்றுக்கொண்டான். "நாமளே அதை ஈன்னு நம்பலைன்னா மீன் எப்படி நம்பும்? பக்கத்துல வந்தா நான் விரட்டறேன். அதைப் பார்த்து மத்தவங்க நம்பட்டும்."

மிச்சம் இருந்தது ஆயிரம் வீச்சு.

"ஏனுங்கண்ணா," என்றான் மாரப்பன், "ஆயிரத்தையும் தண்ணியில நின்னுதான் வீசோணும்னு சார் சொன்னாருங்களா?"

அண்ணன் யோசித்தார். "சொல்லலை."

"தண்ணி ஐஸாட்டம் கிடக்குது. மத்ததை எல்லாம் ஊருக்குள்ளயே வீசி முடிச்சுட்டு, கடைசி வீச்சை மட்டும் ஆத்துல போட்டா என்ன?"

இதில் தப்பு கண்டுபிடிக்க யாராலும் முடியவில்லை. ஆனால் நாச்சிமுத்துவுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. "ஒவ்வொரு வீச்சுக்கும் ஒரு அடி கீழ எறங்கோணுமே. ஆத்தோரத்துல ஆரம்பிச்சா, முடியறப்ப மாமனார் ஊட்டு வாசல்லயில்ல நிப்போம்?"

"அதனால மேல இருந்து ஆரம்பிப்போம்," என்றார் அண்ணன்.

ஊருக்கு மேலே அண்ணனின் உருளைக்கிழங்குக் காட்டில் ஆரம்பித்தார்கள். அண்ணனின் இடது கை, நாச்சிமுத்துவின் வலது கை, நடுவில் தூண்டில். முதல் வீச்சில் அண்ணனின் தலைத்துண்டு மாட்டியது. அது நல்ல சகுனம் என்று அண்ணனே சொன்னார். ஒரு அடி இறங்கினார்கள்.

தெரு வளைகிற இடத்தில் அவர்கள் வளையவில்லை. கீழே என்றுதான் சார் சொன்னார், வளையச் சொல்லவில்லை. அதனால் நேரே குப்பாயம்மாளின் டீக்கடைக்குள் போனார்கள்.

"எங்கடா உள்ள வர்றீங்க, மாட்டை ஓட்டிட்டு வர்ற மாதிரி?"

"கொஞ்சம் நில்லுங்க அம்மா. அஞ்சாறு வீச்சுல பின்கதவு வந்துரும்."

வீச்சுக்கு ஒன்றாகப் பன்னும் மிக்சர் பொட்டலமும் மாட்டின. இறகு சுற்றி வந்து, மாரப்பன் அதற்குள் வாங்கியிருந்த டீ கிளாஸ் விளிம்பில் உட்கார்ந்தது. மாரப்பன் முகத்தைச் சுளித்து, "ச்சூ" என்று விரட்டிவிட்டு, கிளாஸைக் கையால் மூடிக்கொண்டான். டீ குடித்துக்கொண்டிருந்த வேறு இரண்டு பேரும் அவசரமாகத் தங்கள் கிளாஸை மூடினார்கள்.

"பாருங்கண்ணா, நம்பறாங்க," என்றான் மாரப்பன்.

குப்பாயம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "ஈ இல்லாத கடைன்னு பேரு வாங்கி வெச்சிருந்தேன். அதையும் கெடுத்தாச்சு. உங்களுக்கு மீனு மாட்டுச்சுன்னா, எனக்குக் கொண்டாந்து காட்டுங்க. கன்னத்துல போட்டுக் கும்பிடறேன்."

சாலையைத் தாண்டும்போது பஸ் வந்துவிட்டது. ஓட்டி வந்தவர் கார்வேந்தனின் சித்தப்பா. கதையின் இந்த இடத்துக்கு மட்டும் அவர் நேரில் பார்த்த சாட்சி. நூல் சாலைக்குக் குறுக்கே கிடந்தது. அவர் ஹாரன் அடித்தார். அண்ணன் கையைக் காட்டி நிறுத்தினார்.

"கொஞ்சம் பொறுங்க டிரைவர். தார்ல ரெண்டு மூணு வீச்சுத்தான்."

"பொறுமைக்கு ஆத்துல தனியா ஆள் போட்டிருக்கோமுங்க," என்று மாரப்பன் திருத்தினான். "இவரு பொறுக்க வேண்டியதில்லைங்கண்ணா."

அதனால் சித்தப்பா மறுபடியும் ஹாரன் அடித்தார்.

அப்புறம் நாச்சிமுத்துவின் வீடு குறுக்கே வந்தது. முன்வாசலில் நுழைந்து பின்வாசலில் இறங்கினார்கள். பூவாத்தாள் அடுப்படியில் நின்று, தன் தலைக்கு மேலே இறகு பறப்பதையும், புருசன் அண்ணனோடு ஒட்டிப் பிறந்தவன்போல ஒரு கையோடு நகர்வதையும், மாரப்பன் ஈ ஓட்டுவதையும் பார்த்தாள்.

"ஏனுங்க, ஆறு அந்தப்பக்கம் இருக்குது."

"அங்கதான் போய்ட்டிருக்கோம் அம்மிணி. உனக்காகத்தான்."

அன்று சனிக்கிழமை. பூவாத்தாள் பையை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போனாள். திரும்பி வந்ததும் பையை நேரே உள்ளே கொண்டுபோய் வைத்தாள்.

பொழுது சாயும் நேரத்தில் மூவரும் ஆற்றோரம் வந்து நின்றார்கள். குட்டியப்பன் பாறைமேல் இருந்தான்.

"எப்படிடா இருக்குது பொறுமை?"

"இன்னும் மிச்சம் இருக்குதுங்கண்ணா."

கடைசி வீச்சு. இது தப்பினால் மறுபடி உருளைக்கிழங்குக் காட்டுக்குப் போக வேண்டும். அதற்குள் ஞாயிற்றுக்கிழமை முடிந்துவிடும். பூவாத்தாள் பெட்டியோடு பஸ் ஏறுவது நாச்சிமுத்துவின் கண்ணுக்குத் தெரிந்தது. தலையைக் குனிந்துகொண்டு வீசினான். அண்ணனும் வீசினார். இறகு தண்ணீரைத் தொட்டது.

தூண்டில் வில்லாக வளைந்தது.

மாட்டின பிறகு என்ன செய்வது என்பதைப் பற்றி அவர்கள் ஆலோசிக்கவே இல்லை. வலது கை மேற்கே இழுத்தது. இடது கை கிழக்கே இழுத்தது. வீசியாயிற்றே என்று இருவரும் ஒரு அடி கீழே எடுத்து வைத்தார்கள். அது ஆற்றுக்குள் இருந்தது. கழுத்துவரை நனைந்து எழுந்தபோது மீன் அண்ணனின் வேட்டிக்குள் புகுந்து வெளியே வந்து பாறைப் பக்கம் துள்ளியது. குட்டியப்பன் உட்கார்ந்த இடத்திலிருந்தே துண்டை விரித்து அள்ளினான்.

முழங்கை நீளம். வெள்ளி உடம்பில் கறுப்புப் புள்ளிகள், விலாவில் விடியற்கால வானம்போல ஒரு சிவப்புக் கோடு. நாச்சிமுத்துவுக்குக் கண் கலங்கியது. அவன் சொல்லாத பொய் ஒன்று அந்தத் துண்டுக்குள் உண்மையாகித் துடித்துக்கொண்டிருந்தது.

"சரி, விடு," என்றார் அண்ணன்.

"விடறதுங்களா?"

"பிடிச்சா விட்டுடணும். அதுதான் முறைன்னு சார் சொன்னாருல்ல."

"நாளைக்கு மாமனாருக்கு என்னத்தைப் போடறதுங்கண்ணா?"

மாரப்பன் குறுக்கே வந்தான். "நாச்சிமுத்து, நல்லா யோசி. விட்டாத்தான் அது திரும்ப வர முடியும். விடாட்டி எங்கிருந்து வரும்?"

நாச்சிமுத்து யோசித்துப் பார்த்தான். அது சரியாகத்தான் இருந்தது. "நாளைக்கு மத்தியானத்துக்குள்ள வருமா?"

"சொல்லி விடு. சொல்லாம விட்டா அதுக்கு எப்படித் தெரியும்?"

நாச்சிமுத்து கையை நனைத்துக்கொண்டு மீனைத் தண்ணீரில் பிடித்தான். விருந்துக்கு வரப்போகிறவர் என்பதால் மரியாதையாகவே பேசினான். "நாளைக்கு ஞாயித்துக்கிழமைங்க. மாமனார் வர்றாரு. கடலுக்குப் போறதா இருந்தாலும் போயிட்டு, இலை போடறதுக்குள்ள வந்துருங்க. டீக்கடைக்குக் கீழ, ஓட்டு வீடு."

மீன் வாயைத் திறந்து மூடியது.

"சரின்னிருச்சு," என்றான் குட்டியப்பன்.

வீட்டில் பூவாத்தாள் கேட்டாள். "பிடிச்சீங்களா?"

"பிடிச்சேன்."

"எங்க?"

"விட்டாச்சு. நாளைக்கு வந்துரும்."

பூவாத்தாள் தலை துவட்டத் துண்டு எடுத்துக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சென்னியப்பன் வந்து இலைமுன் உட்கார்ந்தார். பக்கத்தில் மற்ற நாலு பேரும். நாச்சிமுத்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மீனு எங்கீங்க மாப்பிள்ளை?"

நாச்சிமுத்து ஒன்றையும் மறைக்கவில்லை. பிடித்தது, விட்டது, சொல்லி அனுப்பியது எல்லாம் சொன்னான். சென்னியப்பன் நெடுநேரம் தாடையைத் தடவினார். பூவாத்தாளின் பெட்டி கட்டித் தயாராக மூலையில் இருந்தது. எல்லோரும் அதையே பார்த்தார்கள்.

"கடலுக்குப் போறதுன்னா எங்க ஊரைத் தாண்டித்தான் போகோணும்," என்றார் கடைசியில். "நான் பஸ்ஸுல மேல வர்றப்ப அது கீழ போயிருக்குது. முன்னாடியே தெரிஞ்சிருந்தா, வழியில பார்த்துப் பேசியிருப்பேன்."

பூவாத்தாள் சட்டியோடு வந்து, அப்பாவில் தொடங்கி எல்லோர் சோற்றிலும் குழம்பை ஊற்றினாள். சென்னியப்பன் ஒரு வாய் வைத்தார். நிறுத்தினார்.

"உப்பு தூக்கலா இருக்குதே அம்மிணி."

"கருவாடுங்கப்பா. கடல்ல இருந்து வந்தது உப்பாத்தான் இருக்கும்."

சட்டென்று எல்லோரும் சாப்பிடுவதை நிறுத்தினார்கள்.

"கடல்ல இருந்தா?" என்றான் நாச்சிமுத்து. "எப்ப வந்துச்சு?"

"பின்வாசல் வழியா வந்திருக்கும்," என்றான் மாரப்பன். "நாமதான் முன்வாசலையே பார்த்துட்டு இருந்தோம்."

"நேத்து எவ்வளவு கொழுகொழுன்னு இருந்துச்சு," என்றார் அண்ணன், இலையில் இருந்த துண்டைத் தூக்கிப் பார்த்து. "ஒரே நாள்ல கடலுக்குப் போயிட்டு வெயில்ல திரும்பியிருக்குது. காயாம என்ன பண்ணும்?"

சென்னியப்பன் இன்னொரு அகப்பை கேட்டு வாங்கிக்கொண்டார். "சொன்ன சொல்லுக்கு மீனே இப்படி நடக்குதுன்னா, மாப்பிள்ளை பேச்சுல பொய் இருக்க முடியாது. அம்மிணி, பெட்டியை உள்ள எடுத்து வையி."

பூவாத்தாள் அப்பாவையும் புருசனையும் மாறி மாறிப் பார்த்தாள். பெட்டியை உள்ளே எடுத்துப்போய், ஒழுகாத இடமாகப் பார்த்து வைத்தாள்.

கதையைக் கேட்டபின் எனக்கு மனசு ஒப்பவில்லை. மீன்வளம் படித்த ஒருவரிடம் விசாரித்தேன். ஸ்டீல்ஹெட் கடலுக்குப் போய்விட்டுப் பிறந்த ஆற்றுக்கே திரும்புவது உண்மைதான். ஆனால் அதற்கு ஒன்றிரண்டு வருடமாவது ஆகும். நம் மலை ட்ரவுட் கடல் பக்கமே போவதில்லை. இதை நான் கார்வேந்தனிடம் சொன்னேன். அவன் சித்தப்பாவிடம் சொன்னான். சித்தப்பா பஸ்ஸை நிறுத்தி நாச்சிமுத்துவிடமே சொல்லியிருக்கிறார். நாச்சிமுத்து பொறுமையாகக் கேட்டுவிட்டு, அந்த மீன்களுக்காக வருத்தப்பட்டானாம்.

"மாமனார் வர்றாருன்னு அதுககிட்ட யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க."