எருமை பாலை அடக்கிய கதை

அந்தக் காலத்தில், மிருகங்களும் நம்மோடு வாய்விட்டுப் பேசிய காலத்தில், அநியாயம் நடந்தது ஒரு கடாக்கன்றுக்கு. தாயின் மடி நிறையப் பால் இருந்தும் அது பட்டினி கிடந்தது.

அப்போதெல்லாம் யார் மடியைத் தொட்டாலும் எருமை பால் விட்டுவிடும். மேல்மலைப் புல்வெளியில் பால்குடில் போட்டிருந்த மாதையனுக்கு இது வசதியாகப் போயிற்று. சுட்டி என்கிற எருமையை ஒட்டக் கறப்பான். தயிராக்கிக் கடைந்து, வெண்ணெயை உருக்கி, நெய்யை அடிவாரத்துக்கு அனுப்புவான். புல் மலை தந்தது, பால் சுட்டி தந்தது. அவன் தந்தது அவள் கன்றைக் கட்ட ஒரு கயிறு மட்டும்தான்!

குடிலுக்குப் பின்னால் கன்று கத்திக்கொண்டே கிடக்கும். வரவர அதற்குக் கத்தவும் தெம்பில்லை. வரப்போகிற மழைக்காலத்தைத் தன் பிள்ளை தாங்காது என்று சுட்டிக்குத் தெரிந்துவிட்டது. பச்சைப் புல்லில் நின்றாலும் வாய் வைக்கப் பிடிக்கவில்லை.

அந்தச் சமயத்தில் மாதையனின் தங்கை நஞ்சி, அண்ணனைப் பார்க்கக் கைக்குழந்தையோடு மலையேறி வந்தாள். குடிலுக்குள் குழந்தை சிணுங்கியதுதான் தாமதம், பால் சுரந்து அவள் மாராப்பு நனைந்துவிட்டது. வாரியெடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

வாசலில் நின்ற சுட்டி கேட்டாள்: "நஞ்சியம்மா, யார் தொட்டாலும் உனக்குப் பால் வருமா?"

"அதெப்படி வரும்! இவன் குரல் கேட்டாத்தான்."

"என் பிள்ளையும்தான் கத்திக் கத்தி ஓய்ஞ்சு கிடக்கு. உங்கண்ணன் அவிழ்த்துவிட மாட்டேங்கிறாரே."

நஞ்சி திரும்பினாள். "ஏன் அண்ணே?"

"அது கடா, தாயி. வளர்ந்து பாலா கறக்கப் போகுது?"

"நீயும் கடாதானே அண்ணே! உன்னைக் கட்டிப்போட்டுட்டு அம்மா நெய்யா உருக்கினா?"

மாதையனுக்குக் கோபம் வந்தது. சொம்பை எடுத்துக்கொண்டு சுட்டியிடம் போய் உட்கார்ந்தான். சுட்டி அடிவயிற்றை எக்கிப் பாலை மேலே இழுத்துக்கொண்டாள்.

மடியை நீவினான், உப்பு காட்டினான், திட்டினான். ஒரு சொட்டு விழவில்லை.

"உனக்கு என்னதான் வேணும்?" அவன் குரல் இறங்கியிருந்தது.

சுட்டி குடிலின் பின்பக்கம் பார்த்தாள். மாதையன் போய்க் கயிற்றை அவிழ்த்தான். கன்றால் நடக்க முடியவில்லை, தூக்கி வந்தான். கைக்குள் அதன் நெஞ்சு படபடத்தது. கன்று மடியில் முட்டியதும் பால் பொங்கிக் கடைவாயில் வழிந்தது. அவன் அதை இழுக்கவில்லை. முதுகைத் தடவிக்கொண்டே நின்றான்.

"இனிமே தினமும் இப்படித்தானா, சுட்டி?"

அன்று முதல்தான் கன்று முட்டாமல் எந்த எருமையும் பால் சுரப்பதில்லை. சுட்டி அவனுக்கு நிதானமாகப் பதில் சொன்னாள்: "முதல்ல என் பிள்ளை குடிக்கட்டும். அப்புறம் வந்து உட்காரு, உனக்கும் இருக்கு."