சென்னியப்பன் ஒட்டிய படங்கள்

“ஒண்ணுமே நடக்கலீங்க டீச்சர்” என்றார் சென்னியப்பன்.

தியான வகுப்பு முடிந்து எல்லோரும் போயிருந்தார்கள். தாரிணி பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். கோபி டவுனில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் அந்த வகுப்பை நடத்திவந்தாள். அவரைவிட அவளுக்கு இருபது வயது குறைவு. இருந்தாலும் மனசில் எது உறுத்தினாலும் அவர் அவளிடம்தான் வருவார்.

“எது நடக்கலீங்கண்ணா?”

“விஷன் போர்டு.”

கோயமுத்தூரில் ஏதோ முகாமில் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். வாழ்க்கையில் என்னென்ன வேண்டுமோ அதையெல்லாம் படமாக வெட்டி ஒரு அட்டையில் ஒட்ட வேண்டும். காலையில் கண் விழித்ததும் பார்வை விழுகிற இடத்தில் மாட்ட வேண்டும். பார்க்கப் பார்க்க, கேட்டது வந்து சேரும்.

“நானும் பொங்கல்லருந்து பாக்கறேன். மனசு அப்படியேதான் கெடக்குது. தூக்கம் வர்றதில்ல. எல்லார் மேலயும் எரிஞ்சு விழறேன். படத்த ஏதாச்சும் மாத்தி ஒட்டணுங்களா?”

“பாத்தாத்தான் சொல்ல முடியும்” என்றாள் தாரிணி.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்தாள்.

படுக்கையறையில் கட்டிலுக்கு நேர் எதிரே பெரிய தெர்மாகோல் அட்டை மாட்டியிருந்தது. நேர்த்தியாகத்தான் செய்திருந்தார். ஓரமெல்லாம் பச்சைக் காகிதம். ஓடுகிறவரின் கால்கள், சர்க்கரை குறைவதற்கு. ஓர் ஏரி, மன அமைதிக்கு.

இன்னொரு படத்தில், மெத்தையில் ஒரு நாய்க்குட்டி படுத்திருந்தது.

“இது?”

“அது தூக்கத்துக்குங்க.”

நடுவில் ஒரு குடும்பம், மேஜையைச் சுற்றி உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தது.

“இவங்க?”

“அதுதாங்க உறவு. சொந்தபந்தம் ஒத்துமையா இருக்கோணும்னு.”

“சரிங்க. இவங்க யாரு?”

சென்னியப்பன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

“தெரியாதுங்க. பிஸ்கட் வெளம்பரத்துல வந்தது.”

தாரிணி துப்பட்டாவால் கழுத்தைத் துடைத்தாள்.

“ரூம்ல காத்தே இல்லீங்களே. ஜன்னல் எங்கீங்க?”

தண்ணீர்ச் சொம்போடு வந்த அவர் மனைவி ருக்மணிதான் பதில் சொன்னாள்.

“அந்த அட்டைக்குப் பின்னாலதான் இருக்குது.”

“படுத்தா கண்ணு நேரா அங்கதாங்க போகும்” என்றார் சென்னியப்பன். “அதுவுமில்லாம அது எப்பவும் சாத்தித்தான் கெடந்துது.”

“எப்பருந்துங்க?”

சொம்பை நீட்டியபடியே ருக்மணியே சொல்லி முடித்தாள்.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அவருடைய அக்கா துளசிமணியின் வீடு. அக்கா மகள் மைதிலியைத் தன் மகனுக்குக் கட்ட வேண்டும் என்று அவருக்கு ஆசை. பெண் பிறந்த அன்றே முடிவு செய்துவிட்டார். துளசிமணி வேறு இடத்தில் பேசி முடித்தாள். தாய்மாமன் நின்று செய்ய வேண்டிய சீர் எதையும் அவர் செய்யவில்லை. கல்யாணத்துக்கே போகவில்லை. மேளச் சத்தம் கேட்கக் கூடாதென்று அன்றைக்குச் சாத்தியதுதான் அந்த ஜன்னல்.

“திறந்து பாக்கலாங்களா?” என்று கேட்டாள் தாரிணி.

“வேண்டாங்க.”

“சரிங்க.”

நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

“ஹாலுக்குப் போயிரலாம் டீச்சர். அங்க காத்து வரும்.”

“நீங்க படுக்கற எடம் இதுதானுங்களே. இங்கயே இருக்கறேன்.”

பங்குனி மாதம். மின்விசிறி சூட்டைத்தான் சுற்றிச் சுற்றி இறக்கியது. அவள் நெற்றியிலிருந்து வியர்வை வழிந்தது. தண்ணீரைக் குடித்தாள். படம் வெட்டிக் கிழிந்த ஒரு வாரப் பத்திரிகையை எடுத்து விசிறிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தவர் இப்படி வேர்த்து உட்கார்ந்திருப்பதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. எழுந்தார். அட்டையைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார்.

தாழ்ப்பாள் துருவேறி இறுகியிருந்தது. உள்ளங்கையால் ஓங்கித் தட்டினார். இன்னொரு தட்டு. கதவு படாரென்று திறந்துகொண்டது.

எதிர் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் மைதிலி உட்கார்ந்திருந்தாள். நிறைமாத வயிறு. துளசிமணி பின்னால் நின்று அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள்.

சத்தம் கேட்டு இரண்டு பேரும் நிமிர்ந்தார்கள். மைதிலியின் கை பாதி உயர்ந்தது. அம்மாவைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டாள். துளசிமணி குனிந்து பின்னலைத் தொடர்ந்தாள்.

சென்னியப்பன் கம்பியைப் பிடித்தார்.

“எப்ப வந்தா?”

“வந்து நாளாச்சு” என்றாள் ருக்மணி. “இது ஒம்பதாம் மாசம்.”

“எங்கிட்ட ஒருத்தருமே சொல்லல.”

“அந்தப் பக்கம் நீங்க திரும்பியும் பாக்கறதில்ல. அந்த ஊட்டுப் பேச்செடுத்தாலே எந்திரிச்சுப் போயிருவீங்க. யாரு சொல்லுவா? உங்க மகனே போன்ல அவகிட்டப் பேசிட்டுத்தான் இருக்கறான். அவனுக்கு ஒரு வருத்தமும் இல்ல.”

காற்று உள்ளே வந்தது. மேஜை மேலிருந்த காகிதத் துண்டுகள் பறந்து தரையில் விழுந்தன. அவர் அவற்றைப் பார்க்கவில்லை. அவர் கண் நிறைந்திருந்தது.

“டீச்சர், இப்ப நான் என்ன பண்ணோணும்?”

தாரிணி இன்னும் அந்த அட்டையைத்தான் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“இதை எங்க வெக்கட்டுங்கண்ணா?”

“எங்கியாச்சும் வைங்க” என்றார். அதற்குள் செருப்பைத் தேடி வாசலுக்குப் போய்விட்டார். ஒரு செருப்புதான் கிடைத்தது. அதையும் உதறிவிட்டு நடந்தார்.

அக்கா வீட்டு கேட்டில் கை வைத்தவருக்கு அதைத் திறக்கத் துணிவு வரவில்லை. என்ன சொல்ல வேண்டும் என்று யோசிக்காமலே வந்துவிட்டார். நின்றார்.

“அம்மா, மாமா” என்றாள் மைதிலி மெதுவாக.

துளசிமணி நிமிரவில்லை. பின்னலைக் கடைசிவரை பின்னினாள். நுனியில் ரிப்பனைச் சுற்றினாள். இறுக்கி முடிச்சுப் போட்டாள். சீப்பில் சிக்கிய முடியை எடுத்துச் சுருட்டினாள்.

அவர் அங்கேயே நின்றார்.

“வாசல் தெளிச்சது இன்னும் காயல” என்றாள் துளசிமணி, சீப்பைப் பார்த்துக்கொண்டே. “வழுக்கும். பாத்து வா.”