புத்தகத்திலிருந்து இறங்கி வந்த ஜிமிக்கி

மஞ்சணத்திப்பட்டிக்காரர்களுக்குப் புத்தி மட்டு என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். ஒருநாள் அந்த ஊரில் போய் இருந்து பாருங்கள். அப்புறம் நீங்களே சொல்லுவீர்கள்.

ஊர்கூடி அங்கே ஒரு படிப்பகம் கட்டினார்கள். நாலு சுவர், ஓட்டுக்கூரை, ஒரு பெஞ்சு, ஒரு மேசை விசிறி எல்லாம் வந்து சேர்ந்தது. திறப்பு விழாவன்றுதான் புத்தகம் ஒன்றுகூட இல்லையே என்று யாருக்கோ ஞாபகம் வந்தது. புத்தகம் வரும்வரைக்கும் சும்மா இருக்க வேண்டாமென்று பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்து உர மூட்டையில் அச்சடித்திருந்ததை வாசிக்கச் சொன்னார்கள். மூன்று மாதத்தில் அதுவும் மனப்பாடமாகிவிட்டது.

படிப்பகச் செயலாளர் வெயிலுமுத்துவுக்கு இது மனசைப் போட்டு அறுத்தது. பிள்ளைகளுக்கு ஒரு நல்ல கதைப்புத்தகம் வாங்கிக் கொடுக்காமல் என்ன செயலாளர் வேலை என்று மினிபஸ் ஏறி டவுன் நூலகத்துக்குப் போனார். நூலகர் தமயந்தி அம்மா நல்ல மாதிரி. 'சேட்டைக்கார ஜிமிக்கி' என்று ஒரு படக்கதைப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். ஜிமிக்கி ஒரு கறுப்பு ஆடு. பக்கத்துக்குப் பக்கம் எதையாவது தின்னும். கொடியில் காயும் துண்டு, கல்யாணப் பந்தல் வாழைத்தார், வாத்தியார் குடை என்று ஒன்றையும் விடாது.

கொடுக்கும்போது தமயந்தி அம்மா மூன்று விஷயம் சொன்னார். எச்சில் தொட்டுப் பக்கம் திருப்பக்கூடாது. கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வெள்ளிக்கிழமை புத்தகம் போன மாதிரியே திரும்பி வரவேண்டும். வந்தால் அடுத்த புத்தகம், வராவிட்டால் மஞ்சணத்திப்பட்டிக்கு இனிமேல் புத்தகமே கிடையாது.

வெயிலுமுத்து மூன்றையும் வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். நடுநடுவே புத்தகத்தைத் திறந்து பார்த்துச் சிரித்ததில் இறங்கவேண்டிய இடம் தாண்டிப் போய் இரண்டு மைல் திரும்பி நடந்தார். இந்த நாற்பது வயசில் அப்படி ஒரு சிரிப்பு அவர் சிரித்ததே இல்லை. அடுத்த புத்தகத்தில் என்ன பிராணி இருக்குமோ என்று அப்போதே ஆசை பிடித்துக்கொண்டது.

சாயந்திரம் படிப்பகத்தில் எள் போட இடமில்லை. தலைவர் கொண்டல்சாமி பெஞ்சில் உட்கார்ந்தார். சொர்ணக்கிளியும் தவசியும் குழு உறுப்பினர்கள், அதனால் பக்கத்தில் நின்றார்கள். முதல் பக்கம் முடிந்தது. எச்சில் தொடாமல் இரண்டாம் பக்கத்துக்கு எப்படிப் போவது என்று ஆலோசனை தொடங்கியது. வெறும் விரலால் திருப்பலாமே என்று ஒரு பொடிசு சொன்னது. பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே என்று அதை அடக்கினார்கள். முக்கால் மணி நேரம் யோசித்துக் கொண்டல்சாமி மேசை விசிறியைப் போடச் சொன்னார்.

விசிறி சுற்றியது. படபடவென்று பதினாறு பக்கமும் ஒரே மூச்சில் ஓடிக் கடைசிப் பக்கத்தில் போய் நின்றது. அங்கே ஜிமிக்கி வயிறு உப்பிக் கண் சொருகிப் படுத்திருந்தது.

சொர்ணக்கிளி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "ஐயோ பாவம். துண்டு, வாழைத்தார், குடை, எல்லாத்தையும் கண்ணை மூடித் தொறக்கிறதுக்குள்ள தின்னிருக்கே. வயிறு என்னத்துக்காகும்?"

"வெள்ளிக்கிழமை போன மாதிரியே திரும்பணுமே, மதினி" என்றார் வெயிலுமுத்து. போகும்போது முதல் பக்கத்தில் துள்ளிக்கொண்டிருந்த ஆடு இது.

வீட்டில் ஐந்தாறு ஆடு வளர்ப்பவள் சொர்ணக்கிளிதான். ஆகவே வைத்தியம் அவள் பொறுப்பு. ஓமத்தையும் கருப்பட்டியையும் இடித்துக் குழைத்து ஜிமிக்கியின் வாயில் தடவினாள். வாய் எது என்று சந்தேகம் வந்ததால் பக்கம் முழுக்கத் தடவினாள். பசித்தால் தின்னட்டும் என்று பக்கத்துக்கு ஒரு கொத்து அகத்திக்கீரையும் வைத்தாள். காற்றாட இருக்கட்டும் என்று புத்தகத்தை வெளியே வேப்பமரத்தடியில் விரித்து வைத்தார்கள். தவசியைக் காவலுக்குப் போட்டு, ஆட்டைவிட்டுக் கண்ணை எடுக்கக்கூடாது என்று வெயிலுமுத்து மூன்றுதரம் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் வந்து பார்த்தால் புத்தகத்தைக் காணோம். அந்த இடத்தில் கறுப்பு ஆடு ஒன்று அசைபோட்டுக்கொண்டு நின்றது. நூலக முத்திரை போட்ட அட்டைத் துண்டு ஒன்று அதன் கொம்பில் செருகியிருந்தது. வெயிலுமுத்து தவசியைப் பிடித்து உலுக்கினார்.

"நான் கண்ணை எடுக்கவே இல்லண்ணே" என்றான் தவசி. உண்மைதான், அவன் கண் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்திருந்தது. "மொதல்ல ஆடு சின்னதா, தட்டையாப் படுத்திருந்துச்சு. அப்புறம் பெருசா எந்திரிச்சு நின்னுச்சு. நடுவுல ரெண்டு ஆடா இருந்த மாதிரியும் இருந்துச்சு, ஆனா நான் ஒரு ஆட்டைத்தானே பார்க்கணும்."

கொண்டல்சாமி ஆட்டைச் சுற்றி வந்தார். வயிறு இறங்கியிருக்கிறது, மருந்து கேட்டுவிட்டது, குணமானதும் இறங்கி வந்திருக்கிறது என்று தீர்ப்புச் சொன்னார். வெயிலுமுத்துவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சொர்ணக்கிளி மட்டும் கொஞ்சநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, நம்ம வீட்டு ஆடு கருவாச்சி சாடையாகவே இருக்கிறதே என்று ஆச்சரியப்பட்டாள். ஒரு சாடையில் ஏழு பேர் இருப்பார்கள் என்று கொண்டல்சாமி சமாதானம் சொன்னார்.

வெள்ளிக்கிழமை நாலு பேரும் ஆட்டைக் குளிப்பாட்டிப் பொட்டு வைத்து டவுனுக்கு ஓட்டிப் போனார்கள். தமயந்தி அம்மா மேசைக்கு அந்தப் பக்கம் எழுந்து நின்றார். வெயிலுமுத்து கையைக் கட்டிக்கொண்டு நடந்தது அத்தனையும் ஒன்று விடாமல் சொன்னார். முத்திரை கொம்பில் பத்திரமாக இருப்பதையும் காட்டினார்.

தமயந்தி அம்மாவுக்குக் கோபப்படுவதா என்னவென்று தெரியவில்லை. "இது உங்க ஆடும்மா" என்று சொர்ணக்கிளியிடம் சொன்னார்.

"எங்க கருவாச்சிக்குப் படிப்பு வாசனையே கெடையாதும்மா. இதைப் பாருங்க, பல்லுல எல்லாம் எழுத்து ஒட்டியிருக்கு."

அதற்குமேல் அந்த அம்மாவால் அடக்க முடியவில்லை. மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். வெயிலுமுத்து முகம் செத்துப்போய் நின்றார். இனிமேல் புத்தகமே கிடையாது என்று சொல்லிவிடுவாரோ என்று துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதைப் பார்த்து மனசு இளகி, தமயந்தி அம்மா இன்னொரு புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். இந்தத் தடவை ஒரே ஒரு நிபந்தனை. புத்தகம் புத்தகமாகவே திரும்பி வரவேண்டும், ஒரு கீறல் விழக்கூடாது. ஆட்டையும் ஓட்டிக்கொண்டு போகச் சொன்னார்.

'சிங்காரி யானை தும்மிய கதை' என்று போட்டிருந்தது. நாலு பேரும் அட்டையைப் பார்த்தார்கள், அப்புறம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மினிபஸ் தாங்காது என்று ஆளுக்கு ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு பதினோரு மைலும் நடந்தே போனார்கள். ஆடு பின்னால் வந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை, நூலகம் திறக்கும் முன்னாலேயே வெயிலுமுத்து வாசலில் நின்றார். தலையெல்லாம் செம்மண் புழுதி. பட்டுத்துணியில் சுற்றியிருந்த புத்தகத்தைப் பிரித்து மேசையில் வைத்தார். தமயந்தி அம்மா பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்தார். ஒரு மடிப்பு இல்லை, ஒரு கறை இல்லை. அவருக்கு நிஜமாகவே சந்தோஷம். மனசார வெயிலுமுத்துவைப் பாராட்டினார்.

"புத்தகத்துக்கு ஒண்ணும் இல்லம்மா" என்றார் வெயிலுமுத்து பெருமையாக. "படிப்பகத்தைத்தான் இடிச்சுட்டோம்."

"எதுக்குங்க?"

"பதினஞ்சாம் பக்கத்துல யானை தும்மி வீடே விழுந்துடுதும்மா, நான் முன்னாடியே எட்டிப் பார்த்துட்டேன். புள்ளைங்க உள்ள இருக்கும்போது விழுந்தா என்ன ஆகுறது? அதான் நாங்களே முந்திக்கிட்டு ஓட்டைப் பிரிச்சு, சுவரை இறக்கி, தரைமட்டம் ஆக்கிட்டு, அப்புறந்தான் பதினாலாம் பக்கத்தைத் திருப்பினோம்." அவர் மூச்சு வாங்கிக்கொண்டு அலமாரியை ஆசையாகப் பார்த்தார். "அடுத்ததா, வீடு கட்டுற பிராணி ஏதாவது இருந்தாக் குடுங்கம்மா."