களிம்பு போன காசுகள்

முன்னொரு காலத்தில் நெல்லிக்கானம் என்ற நாட்டை வெட்சிமாறன் என்றொரு அரசன் ஆண்டுவந்தான். காலையில் ஒருவனைத் தலைமேல் தூக்கிவைத்து ஆடுவான், மதியம் அவனையே ஊரைவிட்டுத் துரத்துவான். குதிரை விஷயத்தில் மட்டும் அவன் மனசு மாறவே மாறாது.

ஒருநாள் குதிரை வணிகர் ஒருவர் வந்தார். அவருக்குப் பழங்காசுப் பித்து. "உங்கள் முப்பாட்டனார் அடித்த யானைக் காசு பத்து இருக்கிறதாமே? காசுக்கு ஒரு குதிரை தருகிறேன்" என்றார்.

"நாளைக் காலையில் காட்டுகிறேன்!" என்று அரசன் துள்ளினான்.

"அதுவரை அவற்றை யாரும் தொடவேண்டாம். இருக்கிறபடியே இருக்கட்டும்" என்றார் அமைச்சர் அம்பலவாணர்.

கருவூலத் தலைவர் திருமேனியாருக்கு இது பொறுக்கவில்லை. எதற்கெடுத்தாலும் அம்பலவாணர் சொல்தானா? பச்சைக் களிம்பு ஏறிய அழுக்குக் காசைக் காட்டினால் நாட்டுக்கே கேவலமாயிற்றே! காவலன் மாசாணத்தைச் சாப்பிட அனுப்பிவிட்டு, புளியும் செங்கல் பொடியும் போட்டுப் பத்துக் காசையும் தம் கையாலேயே பரபரவென்று தேய்த்தார். காசுகள் தகதகவென்று மின்னின. சபை வாய்பிளக்கும்போது 'எல்லாம் அடியேன் கைவண்ணம்' என்று எழுந்து நிற்க வேண்டும் என மனசுக்குள் ஒத்திகையும் பார்த்துக்கொண்டார்.

மறுநாள் சபையில் காசுத் தட்டின்மேல் மூடியிருந்த பட்டுத்துணியை விலக்கினார்கள். திருமேனியார் பாதி எழுந்துவிட்டார். வணிகரோ ஒரு காசை எடுத்துப் பார்த்து, முகம் சுளித்துக் கீழே வைத்தார்.

"அரசே, என்னோடு விளையாடுகிறீர்களா? இது நேற்று அடித்த காசு. செம்பில் இந்த அளவுக்குக் களிம்பு படிய எத்தனையோ வருஷம் ஆகும். பழசுக்கு அதுதானே சாட்சி? இதில் யானைக்குத் தந்தத்தைக்கூடக் காணோம்! போலி அடித்தவன் அதையாவது ஒழுங்காக அடித்திருக்கலாம்."

பாதி எழுந்த திருமேனியார் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அரசன் கொதித்தான். "மாசாணம்! பழங்காசைத் திருடிவிட்டுப் போலியை வைத்தாயா? வெட்டுங்கள் இவன் வலக்கையை!"

"சாமி, நான் தொடவே இல்லீங்க! தலைவர் ஐயா சாப்பிட்டுட்டு வான்னு அனுப்பினாரு, போயிட்டு வந்தேன். ஐயா, நீங்களாச்சும் சொல்லுங்கய்யா!"

"அனுப்பியதாக நினைவில்லையே" என்றார் திருமேனியார். சொன்ன மாத்திரத்தில் உடம்பே கூசிப்போயிற்று. இருபது வருஷமாகக் கருவூல வாசலில் நிற்கிறவன். அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஒரு வார்த்தை சொன்னால் அவன் கை தப்பும், ஆனால் நாக்கு எழவில்லை. செங்கல் பொடி ஏறிச் சிவந்திருந்த நகங்களை மேல்துண்டுக்குள் இழுத்துக்கொண்டார்.

அம்பலவாணர் அதைப் பார்த்துவிட்டார்.

"அரசே, கை எங்கே ஓடிப்போகிறது? பிறகு வெட்டலாம். விருந்தாளி ஏமாந்து போகக்கூடாது. கருவூலத்துச் செப்பேடுகளையும் பளிச்சென்று துலக்கிக் காட்டுவோம். முதலில் நம் திருமேனியார் குடும்பத்துச் செப்பேடு. அவர் கொள்ளுத்தாத்தாவுக்கு ஊரை மானியமாகக் கொடுத்த பட்டயமல்லவா? மாசாணம், எடுத்து வா. யாரங்கே, புளியும் செங்கல் பொடியும்!"

வேடிக்கை என்றால் அரசனுக்குக் கோபம் மறந்துபோகும். "நடக்கட்டும்!" என்றான்.

இரண்டு வீரர்கள் கூடவே வர, மாசாணம் போய்ப் பட்டுத்துணி சுற்றிய செப்பேட்டைக் கொண்டுவந்தான். அம்பலவாணர் அதைப் பிரித்து, புளியை ஒரு கை அள்ளினார்.

"ஐயோ, தேய்க்காதீர்கள்!" என்று திருமேனியார் பாய்ந்து வந்தார். "களிம்பு போனால் இதைப் பழைய பட்டயம் என்று எவன் நம்புவான்? எழுத்தும் தேய்ந்துவிடுமே, அந்த யானைத் தந்தம் போனமாதிரி..."

"தந்தம் தேய்த்ததால் போனது என்று உமக்கு யார் சொன்னது?" என்றார் அம்பலவாணர்.

திருமேனியாருக்குக் காதுமடல்வரை எரிந்தது.

"அவனை விட்டுவிடுங்கள், அரசே. நான்தான் தேய்த்தேன்" என்றார், தலை நிமிராமல்.

வணிகர் காசை மறுபடி திருப்பிப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "பழங்காசேதான். ஆனால் போன களிம்பை யாராலும் திரும்பக் கொண்டுவர முடியாது" என்று குதிரைகளோடு கிளம்பினார்.

அரசனுக்கும் வெட்கமாகத்தான் இருந்தது. "விசாரிக்காமல் கையை வெட்டச் சொன்னேனே!" என்று தன் சால்வையை மாசாணத்துக்குப் போர்த்தினான். முத்துமாலையைக் கழற்றி அம்பலவாணருக்கு அணிவித்தான். பிறகு திருமேனியார் பக்கம் திரும்பினான். "பத்துக் காசையும் கோத்து நீர் கழுத்தில் மாட்டிக்கொள்ளும். புதுக்காசா என்று யார் கேட்டாலும், 'பழங்காசு, நான் தேய்த்துக் கெடுத்தேன்' என்று நீரே சொல்லும்."

அதைக்கூடத் திருமேனியார் தாங்கிக்கொண்டார். சபை கலைந்ததும் மாசாணம் அவரிடம் வந்தான். வெட்டுப்பட இருந்த வலக்கையாலேயே செப்பேட்டைப் பழையபடி பட்டுத்துணியில் சுற்றி நீட்டினான்.

"களிம்பு அப்படியே இருக்குதுங்கய்யா. ஒரு பொட்டுக்கூடப் போகலை. பார்த்துக்குங்க."

அதை வாங்கிக்கொள்ளத் திருமேனியாருக்குக் கை நீளவில்லை.