எங்கே செத்தது?

டாக்டர் மாசிலாமணி நாற்பத்தெட்டு வயதில் மறுபடி மாணவரானார். இருபது வருடம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பாம்புக்கடியும் பிரசவமும் பார்த்தவர், இப்போது அரசு மருத்துவக் கல்லூரியில் மைக்ரோஸ்கோப்புக்கு முன்னால் உட்கார்ந்து பாடம் படித்தார். கற்றுக்கொடுத்த டாக்டர் சலோமி அவரைவிட ஒன்பது வயது இளையவர். அது அவருக்கு உறுத்தத்தான் செய்தது.

அந்தப் புதன்கிழமை ஓர் அறிக்கையை எழுதிக் கொண்டுபோய் சலோமியின் முன் வைத்தார். செங்கல் சூளையில் வேலை பார்க்கும் தையல்நாயகியின் காலிலிருந்து வெட்டி எடுத்த தசைத் துண்டு. ‘நெக்ரோசிஸ்’ என்று எழுதியிருந்தார். உடம்புக்குள் இருக்கும்போதே தசை செத்துவிட்டது என்று அர்த்தம். சலோமி கையெழுத்துப் போட்டால், மறுநாள் காலை முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிடுவார்கள்.

சலோமி ஸ்லைடை வெகுநேரம் பார்த்தார்.

“எங்கே செத்தது, சார்?”

“கால்லதான் மேடம், வேற எங்க? நியூக்ளியஸ் ஒண்ணுகூட இல்ல பாருங்க. எல்லாம் வெளிறிக் கிடக்கு.”

“பாத்தேன். பக்கத்துல யார் வந்திருக்காங்க?”

மாசிலாமணிக்குச் சிரிப்பு வந்தது. “எழவுக்கா மேடம்?”

“ஆமா.”

பெட்டியிலிருந்து இன்னொரு ஸ்லைடை எடுத்து வைத்தார் சலோமி. போன மாதம் வேறொருவரின் காலிலிருந்து எடுத்தது. செத்த தசையின் ஓரமெல்லாம் வெள்ளணுக்கள் மொய்த்துக்கொண்டு நின்றன.

மாசிலாமணி தன் ஸ்லைடை மறுபடி வைத்துத் தேடினார். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை தேடினார். ஒருவரும் வரவில்லை.

“சனிக்கிழமை இந்தத் துண்டு வந்தப்போ எதுல போட்டீங்க?”

மாசிலாமணி மைக்ரோஸ்கோப்பிலிருந்து முகத்தை எடுத்தார்.

“ஃபார்மலின் தீர்ந்துபோச்சு. ஸ்டோரும் பூட்டியிருந்தது. அப்புறம் மாத்திக்கலாம்னு சலைன்ல போட்டு வச்சேன்.”

மாற்ற மறந்துவிட்டார். ஞாயிறு முழுக்க அது ஜன்னலோரம் வெயிலில் இருந்தது. தசையைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலினை அது பார்த்தது திங்கட்கிழமைதான்.

“ஆட்டோலைசிஸ்,” என்றார் மெல்ல. வெட்டி எடுத்த பிறகு, வெளியே கிடந்து தானாகக் கரைவது. தேர்வில் இரண்டுக்கும் வித்தியாசம் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவர் அவர்.

அவரே அறுவை சிகிச்சைப் பிரிவுக்குப் போன் போட்டார். “கால் செத்திருக்கா இல்லையான்னு இதை வச்சுச் சொல்ல முடியாது சார். புதுசா ஒரு துண்டு அனுப்புங்க. அதுவரைக்கும் காலைத் தொடாதீங்க. தப்பு என்னோடது.”

அவருடைய இருபது வருட அனுபவத்தைப் பற்றி மறுமுனை ஏதோ கேட்டது. வாங்கிக்கொண்டு போனை வைத்தார்.

“ரெண்டும் பாக்க ஒண்ணாத்தான் மேடம் இருக்கு. இன்னொரு தடவை ஏமாறாம எப்படி எழுதறது?”

சலோமி அறிக்கையை இரண்டாகக் கிழித்தார்.

“உயிரோட இருக்கற உடம்புல ஒண்ணு செத்தா, பக்கத்துல இருக்கறது சும்மா இருக்காது சார். யாருமே வரலைன்னா, அவசரப்பட்டு அந்தச் சாவை அந்தம்மா பேர்ல எழுதாதீங்க. முதல்ல நம்ம பேர்ல எழுதிப் பாருங்க.”