ஆற்றைத் தாண்டாத மாம்பழம்

முன்னொரு காலத்தில், பெரிய ஆறு ஒன்றுக்கு இக்கரையில் ஒரு நாடு இருந்தது. அந்த நாட்டு ராஜாவுக்குக் காலையில் ஓர் ஆசை வரும். மத்தியானச் சாப்பாட்டுக்குள் அது சட்டமாகிவிடும்.

அந்த வாரம் வந்த ஆசை, கணக்குப் படிப்பது. அக்கரை ராஜா ஒரு கூடை மாம்பழமும் ஒரு கடிதமும் அனுப்பியிருந்தார். ‘கூடையில் உள்ளதை இரண்டு மடங்காக்கி, மூன்றைச் சேர்த்தால் பதின்மூன்று. கூடையைத் திறக்காமல் சொல்லுங்கள், உள்ளே எத்தனை பழம்?’

அவைக் கணிதர் ஏகாம்பரம் பலகையில் எழுதிக் காட்டினார்.

“தெரியாத எண்ணுக்குப் பதிலா ஒரு கட்டம் போடுறோம் பிரபு. ரெண்டு கட்டம், கூட்டல் மூணு, சமம் பதிமூணு. இந்த மூணைச் சமக்குறிக்கு அந்தப் பக்கம் அனுப்பணும். அங்க போனதும் அது கழித்தல் மூணு ஆயிடும்.”

“ஏன் ஆகணும்?”

“அந்தப் பக்கம் போனா அப்படித்தான் பிரபு. எங்கப்பா எனக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்.”

ராஜாவுக்கு மீசை துடித்தது. “இங்க இருக்கிறவரைக்கும் கூட்டல், எல்லை தாண்டினதும் கழித்தலா? இது பச்சோந்தித்தனம் இல்லையா? என் நாட்டுல எந்த எண்ணும் எல்லை தாண்டிக் குணம் மாறக் கூடாது. எழுதிக்குங்க, சட்டம்!”

சட்டப்படி மூன்று கூட்டலாகவே அந்தப் பக்கம் போனது. பதின்மூன்றும் மூன்றும் பதினாறு. பாதி எட்டு. ராஜா பெருமையோடு கூடையைத் திறந்தார். உள்ளே ஐந்து பழம்தான் இருந்தது.

“மிச்சம் மூணு எங்கய்யா?”

எங்கே தப்பு என்று ஏகாம்பரத்துக்குத் தெரியும். ஆனால் சட்டம் தப்பு என்று சொன்னால் தலை என்ன ஆகும் என்பதும் தெரியும். அவர் கண் மெதுவாகத் தூண் ஓரம் போனது. அங்கேதான் விகடகவி மருதப்பன் நின்றுகொண்டிருந்தான். ஒன்பது வருஷத்துக்கு முன் அக்கரையிலிருந்து ஓடமேறி, மனைவி செண்பகத்தோடு வந்து இறங்கியவன். அவன் சொல்லுக்கு ராஜா சிரிப்பதை ஏகாம்பரத்தால் பொறுக்கவே முடிவதில்லை.

“பிரபு, படகுத் துறையில கூடையை வாங்கினது நம்ம அக்கரையான்தான். ஊர்ப் பழத்தைப் பாத்ததும் நாக்கு ஊறியிருக்கும், பாவம்” என்றார் ஏகாம்பரம்.

மருதப்பன் முன்னால் வந்தான். “மகாராஜா, அஞ்சும் அஞ்சும் பத்து. மூணு சேத்தா பதிமூணு. கணக்கு சரியாத்தானே வருது?”

“அப்போ என் சட்டம் தப்புங்கறியா?”



ஏகாம்பரம் குனிந்து கும்பிட்டார். “அவனுக்கு ஒரு சந்தர்ப்பம் கொடுங்க பிரபு. எந்த எண்ணும் எல்லை தாண்டிக் குணம் மாறாம, கூடையில அஞ்சுதான்னு நாளைக்கு நிரூபிக்கட்டும். முடியலைன்னா, வந்த ஓடத்துலயே திரும்பிப் போகட்டும்.”

“அப்படியே ஆகட்டும்” என்றார் ராஜா.

வீட்டுக்கு வந்தவன் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். விஷயத்தைக் கேட்ட செண்பகம் கையை இடுப்பில் வைத்தாள்.

“ஓடத்துல ஏறவா? அக்கரைக்குப் போனா நம்மள இக்கரைக்காரங்கன்னு சொல்வாங்க. இங்க அக்கரைக்காரங்க. அப்புறம் ஆத்து நடுவுலயா குடித்தனம் பண்றது?”

“நான் தாண்டி வந்ததுதானே இப்ப எல்லாருக்கும் கண்ணை உறுத்துது, செண்பகம்.”

“தாண்டுறதுதானே வம்பு? யாரையும் தாண்ட விடாதீங்க.”

மருதப்பன் நிமிர்ந்து பார்த்தான். “சோறு மிச்சம் இருக்கா?” என்றான்.

“இப்பவா பசிக்குது?”

“தின்ன இல்லடி. ஒட்ட.”

இருட்டுவதற்குள் வேலை முடிந்தது. ஒரு பெரிய காகிதத்தை நடுவில் மடித்து, மடிப்பின் மேல் நீலத்தில் ஓர் ஆறு வரைந்தான். காகிதத்திலேயே இரண்டு குட்டி உறைகள் செய்து சோற்றுப் பசையால் இடப்பக்கம் ஒட்டினான். செண்பகம் இன்னொரு காகிதத்தில் மஞ்சளைக் குழைத்துப் பூசிக் காயவைத்து, மாம்பழம் மாம்பழமாகக் கத்தரித்துப் போட்டாள்.

மறுநாள் சபையில் அந்தக் காகிதத்தை ராஜாவின் முன் விரித்தான்.

“மகாராஜா, இது ஆறு. ரெண்டு கரையும் எப்பவும் சமமா இருக்கணும். இக்கரையில ரெண்டு உறை, மூணு பழம். உறைதான் நம்ம கூடை. இரட்டிப்புன்னாங்களே, அதான் ரெண்டு. அக்கரையில பதிமூணு பழம். தங்கள் விரலாலயே செய்யணும். இக்கரையில இருக்கிற மூணு பழத்தை எடுத்துடுங்க.”

ராஜா ஆசையாக எடுத்தார். உடனே அவர் முகம் சுருங்கியது. “அட, இப்ப கரை சமமா இல்லையே!”

“என்ன பண்ணலாம்?”

“அக்கரையிலயும் மூணு எடுத்துட்டாப் போச்சு!” ராஜா தானே எடுத்தார். தானே எண்ணினார். “இங்க ரெண்டு உறை. அங்க பத்து. அப்போ உறைக்கு... அஞ்சு!” பொறுக்க முடியாமல் ஓர் உறையைப் பிரித்தார். ஐந்து மஞ்சள் பழங்கள் மடியில் உதிர்ந்தன. அடுத்ததிலும் ஐந்து.

“ஆத்தை யாராவது தாண்டினாங்களா மகாராஜா?”

“யாரும் தாண்டலையே.”

“யாராவது குணம் மாறினாங்களா?”

“இல்லையே!” ராஜா கையில் இருந்த காகிதப் பழங்களை மறுபடி எண்ணினார். “அப்போ நேத்து நான், இக்கரையில மூணை எடுத்துட்டு அக்கரையில மூணைச் சேத்திருக்கேன். யாரும் எதையும் திங்கல.” பிறகு குரல் உயர்ந்தது. “ஏகாம்பரம்! இது உமக்குத் தெரியாதா?”

“சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன் பிரபு...” என்று அவர் தரையைப் பார்த்தார்.

ராஜா தன் தோளிலிருந்த சரிகைச் சால்வையை எடுத்து மருதப்பனுக்குப் போர்த்தினார். சரிகை மின்னியதைப் பார்த்ததும் ஏகாம்பரத்துக்கு வாய் நிற்கவில்லை.

“பிரபு! ஒரு கரையில செஞ்சதை மறுகரையிலயும் செய்யணுமே. அவனுக்கு ஒரு சால்வைன்னா எனக்கும் ஒண்ணு வரணும். அதுதானே நியாயம்?”

மருதப்பன் பணிவாகக் கேட்டான். “கணிதரே, ரெண்டு கரையும் சமமா இருந்தாத்தானே அந்த விதி? நீங்களும் நானும் சமமா?”

“சமம்தான்! சமம்தான்! அதுல என்ன சந்தேகம்?”

சபை முழுக்கக் கேட்டது. எழுத்தர் எழுதியும் விட்டார்.

“மகாராஜா, அவருக்கும் ஒண்ணு கொடுத்துடுங்க. ஒன்பது வருஷமா அக்கரையான், அக்கரையான்னு கூப்பிட்ட வாய் இன்னைக்குத்தான் சமம்னு சொல்லியிருக்கு. ஆனா விதி விதிதானே? நேத்து சாயந்திரம் பூரா நான் பசையில கையை வச்சிருந்தேன். அதையும் அவர் கரையில வச்சிடணும்.”

ராஜா சிம்மாசனம் குலுங்கச் சிரித்தார். ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் இதேபோல் ஆற்றுக் காகிதம் செய்து கொடுக்கும்படி ஏகாம்பரத்துக்கு உத்தரவானது. மருதப்பனுக்கு, ஆற்றங்கரையில், இக்கரையில், ஒரு வீடு.

புதுச் சால்வையோடு உட்கார்ந்து கணிதர் உறை ஒட்டினார். சால்வையும் சேர்ந்து ஒட்டிக்கொண்டது. அதைப் பிரித்தெடுக்கச் செண்பகம்தான் வெந்நீர் கொண்டுபோனாள்.